பல்லியும் பள்ளியும் ஒரே சத்தத்துல: ஈஈஜி சோதனைக்கு ஒலி தயார் பண்றது எப்படி

பல்லி, பள்ளி. இந்த ரெண்டு வார்த்தையையும் மாத்தி மாத்திப் போட்டு மூளைக்கு வித்தியாசம் தெரியுதான்னு பாக்கறதுதான் நான் முதமுதல்ல பண்ண ஈஈஜி சோதனை, அதாவது மூளையோட மின் அலையைப் பதிவு பண்ற சோதனை. தலையில எலக்ட்ரோட் தொப்பி, காதுல சின்னக் குழாய் வழியா சத்தம், எதிர்ல சத்தத்தை நிறுத்திட்டு சப்டைட்டிலோட ஓடுற படம். பத்து பேர் முடிஞ்சதும் ஆவரேஜ் எடுத்துப் பாத்தா அலை அவ்ளோ அழகா இறங்கியிருந்துச்சு, சந்தோஷத்துல அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் லேப்ல இருந்த சீனியர் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "லெவல் அளந்தியாடா தம்பி?" ரெண்டு ஃபைலும் 70 டெசிபல்னு செட் பண்ணியிருக்கேன் அக்கான்னு சொன்னேன். "அது கம்ப்யூட்டர்ல. நான் காதுல எவ்ளோன்னு கேக்கறேன்"னாங்க.

சாயங்காலம் இயர்ஃபோனை கப்ளர்ல, அதாவது காதுக்குப் பதிலா அளவு மைக்கோட மாட்டற சின்ன டப்பால, வெச்சு ரெக்கார்ட் பண்ணி அளந்தோம். பல்லியை விட பள்ளி 2.6 டெசிபல் அதிகம், அதாவது ஒலி அழுத்தத்துல கிட்டத்தட்ட 1.35 மடங்கு. அப்ப மூளை கண்டுபிடிச்சது ளகரத்தையா இல்ல சத்தம் கூடினதையான்னு யாராலயும் சொல்ல முடியாது. இங்க சிங்கப்பூர்ல சனிக்கிழமை லீவை விட்டுட்டு ஜூரோங்ல இருந்தும் பொங்கோல்ல இருந்தும் வந்து ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்தாங்களே, அந்தப் பத்து பேரோட டேட்டாவும் போச்சு. இன்னும் மனசுல நிக்குது அது. அதனாலதான் இதை இவ்ளோ விலாவாரியா எழுதறேன், புதுசா லேபுக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க யாரும் அந்த சனிக்கிழமைகளை வீணாக்கக் கூடாது.

நாம தேடற அலைக்குப் பேர் எம்எம்என், மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்துட்டிருக்கும்போது நடுவுல வேற ஒண்ணு வந்தா, நாம கவனிக்கலைன்னாகூட வித்தியாசம் ஆரம்பிச்சு 100லேருந்து 250 மில்லிசெகண்டுக்குள்ள மூளை காட்டற எதிர்வினை. ஃபின்லாந்துக்காரர் ரிஸ்டோ நாத்தனெனும் கூட வேலை பாத்தவங்களும் 1978ல எழுதினது. 1997ல அவரோட குழு ஃபின்னிஷ், எஸ்தோனியன் பேசறவங்களை வெச்சுப் பாத்து, தாய்மொழில இருக்கற உயிரொலிக்கு இந்த அலை பெருசா வருதுன்னு காட்டினாங்க. நம்ம ஊர்ல இதுக்கு ஒரு தனி அர்த்தம் இருக்கு. வீட்டுல இங்கிலீஷ், ஸ்கூல்ல மட்டும் தமிழ்னு வளர்ற பிள்ளைங்க காதுக்குள்ள ல, ள, ழ மூணும் தனித்தனியா இருக்கா? வாயைத் திறந்து சொல்லச் சொன்னா கூச்சப்படுவாங்க, மூளையைக் கேட்டா அது கூச்சப்படாம பதில் சொல்லும். ஆனா இந்த அலை சத்தம் கூடினாலும் வரும், குறைஞ்சாலும் வரும், சுருதி மாறினாலும் நீளம் மாறினாலும் வரும். நாம கேக்கற கேள்விக்குத்தான் அது பதில் சொல்லுதுன்னு ஆகணும்னா, கேள்வியில இருக்கற வித்தியாசம் அந்த ஒண்ணு மட்டும்தான்னு நாம உறுதி பண்ணணும். கேலிப்ரேஷன்னு சொல்றது மொத்தமும் அதுக்குத்தான்.

குரல் எடுக்கறது

தெளிவா பேசறவங்க வேணும், ஆனா மேடைப் பேச்சு மாதிரி ழகரத்தை உருட்டி உருட்டிச் சொல்றவங்க வேண்டாம். நாங்க ஒரு தமிழ் டீச்சர் அக்காவைப் பிடிச்சோம். வார்த்தையை மட்டும் வரிசையா வாசிக்கச் சொன்னா கடைசி வார்த்தை வரும்போது குரல் தாழும், அதனால "நான் பல்லின்னு சொன்னேன், நான் பள்ளின்னு சொன்னேன்"னு வாக்கியத்துக்குள்ள வெச்சு, கலைச்சுப் போட்டு, ஒவ்வொண்ணும் இருபது தடவையாவது எடுங்க. ஒண்ணு ரெண்டு எடுத்துட்டுப் போதும்னு விட்டா எடிட் பண்ணும்போது கையப் பிசையணும்.

48000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. மைக் வாயிலேருந்து ஒரு சாண் தூரம், நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல, இல்லைன்னா ப வர்ற இடத்துலல்லாம் காத்து மைக்ல அடிக்கும். மீட்டர்ல உச்சம் மைனஸ் 12லேருந்து மைனஸ் 6க்குள்ள நிக்கட்டும், ஒருதடவை சிவப்பு தொட்டுட்டா அந்த டேக்கை விட்டுடுங்க, வெட்டுப்பட்ட அலையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஏர்கான். இதை மறக்கவே கூடாது. நாம அந்த இரைச்சல்லயே வாழ்றதால காதுக்குத் தெரியறதே இல்ல, ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாத்தாதான் அடியில ஹ்ம்ம்னு ஓடிட்டிருக்கும். குரல் எடுக்கும்போது ஏர்கானை அணைச்சுடுங்க, பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை போட்டு அந்த அக்காவுக்கு தண்ணி குடுத்து மூச்சு விட வைங்க. ஈஈஜி எடுக்கும்போது இதுக்கு நேர் எதிர், அப்ப ஏர்கான் ஓடித்தான் ஆகணும், ஏன்னா இந்த ஊர் புழுக்கத்துல நெத்தி வேர்த்துச்சுன்னா எலக்ட்ரோட் சிக்னல் மெதுவா ஏறி இறங்கி அலைய ஆரம்பிச்சுடும். அப்ப அறை இரைச்சலைத் தடுக்கற வேலையை காதுல வைக்கற ஃபோம்தான் பாத்துக்கணும், ஆழமா ஒழுங்கா வெச்சா 30 டெசிபல் கிட்ட தடுக்கும்.

வெட்டி ஒட்டறது

இந்த இடத்துலதான் நிறைய பேர் அவசரப்படறாங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க.

பல்லி, பள்ளி ரெண்டுலயும் முதல்ல வர்ற ப ஒண்ணுதானேன்னு தோணும். ஆனா ஒரே ஆள் ரெண்டு தடவை சொன்ன ப ஒரு நாளும் ஒண்ணா இருக்காது, சுருதி கொஞ்சம் மாறும், நீளம் பத்து மில்லிசெகண்ட் மாறும். மூளை அதையும் பிடிச்சுக்கும். அதனால ஒரு நல்ல பல்லியிலேருந்து முன்பாதியை எடுத்து, அதே முன்பாதியை ரெண்டு வார்த்தைக்கும் வெச்சு, பின்பாதியை மட்டும் மாத்தி ஒட்டணும். எந்த இடத்துல வெட்டறது? ளகரத்துக்கு நாக்கு மேல மடங்கறது ள் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, அந்த அகரத்தோட கடைசிப் பகுதியிலயே கேக்க ஆரம்பிச்சுடும். ஸ்பெக்ட்ரோகிராம்ல (அதிர்வெண்கள் நேரத்தோட மாறறதைக் காட்டற படம்) பாத்தா மூணாவது ஃபார்மன்ட் (வாயோட வடிவத்தால வலுவாகற அதிர்வெண் பட்டை) கீழ சரியறது தெரியும், ழகரத்துல இன்னும் நல்லாவே தெரியும். அந்தச் சரிவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அகரம் இன்னும் நேரா ஓடிட்டிருக்கற இடத்துல, அலை பூஜ்யத்தை மேல் நோக்கிக் கடக்கற புள்ளியா பாத்து வெட்டுங்க. சரிவுக்கு அப்புறம் வெட்டினா பல்லியோட அகரத்துக்குப் பின்னாடி ள் வந்து ஒட்டும், கேக்கறவங்களுக்கு அது ரெண்டும் கெட்டானா இருக்கும்.

அடுத்தது ஒரு விஷயம், இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லல. ஒட்டி முடிச்ச அப்புறம் முழு வார்த்தையோட ஆர்எம்எஸ்ஸை, அதாவது அலையோட சராசரி பலத்தை, சமப்படுத்தினீங்கன்னா, பின்பாதிகள்ல இருக்கற வித்தியாசத்தை ஈடு கட்டறதுக்காக ஒரு வார்த்தை முழுசும் மேல ஏறும், கூடவே அந்த முன்பாதியும் ஏறும். அவ்ளோ கஷ்டப்பட்டு ஒண்ணா வெச்ச ப, ரெண்டு சத்தத்துல ஒலிக்கும்! அதனால பின்பாதியை தனியா எடுத்து அதோட ஆர்எம்எஸ்ஸை முதல்ல சமப்படுத்துங்க, அப்புறம் முன்பாதியோட ஒட்டுங்க, அதுக்கு மேல ஏதாவது ஏத்தணும் இறக்கணும்னா ரெண்டு வார்த்தைக்கும் ஒரே எண்ணால பெருக்குங்க. பின்பாதியை ஒரு டெசிபலுக்கு மேல ஏத்த வேண்டியிருந்தா அந்த டேக்கை விட்டுட்டு வேற டேக் எடுங்க, இருபது தடவை எடுத்து வெச்சது இதுக்குத்தான்.

நீளமும் அப்படித்தான். பல்லியும் பள்ளியும் மொத்த நீளத்துல ஒண்ணா இருக்கணும், பிராட்ங்கற ஒலி மென்பொருள்ல நீளத்தை மாத்தற வசதி இருக்கு, ஆனா அஞ்சு சதவீதத்துக்கு மேல இழுத்தா எனக்குக் குரல் ரோபோ மாதிரி கேக்குது. படம், பாடம் மாதிரி குறில் நெடில் ஜோடின்னா நீளம்தான் வித்தியாசமே, அதைச் சமப்படுத்தக் கூடாது. அங்க வித்தியாசம் தெரிய வர்றது குறில் முடியற நொடியிலதான், எம்எம்என்னையும் அங்கேருந்துதான் எண்ணணும். பல்லி பள்ளிக்கு ஒட்டின இடம் எத்தனாவது மில்லிசெகண்ட்ங்கறதை இப்பவே எழுதி வெச்சுக்குங்க.

ஆரம்பத்துலயும் முடிவுலயும் 5லேருந்து 10 மில்லிசெகண்ட் ரேம்ப் குடுங்க, அதாவது சத்தத்தைப் படிப்படியா ஏத்தி இறக்குங்க, கொசைன் வடிவத்துல. இல்லைன்னா திடீர்னு ஆரம்பிக்கற இடத்துல டிக்னு ஒரு சத்தம் வரும், எல்லா அதிர்வெண்ணும் கலந்த சத்தம். ஆனா பகரத்துக்கு வெடிப்பே ஆரம்பத்துலதான் இருக்கு, 10 மில்லிசெகண்ட் ரேம்ப் போட்டா அந்த வெடிப்பு கரைஞ்சு போய் வல்லி மாதிரி கேக்கும். அதனால வெடிப்புக்கு முன்னாடி கொஞ்சம் மௌனம் விட்டு அந்த மௌனத்துல ரேம்பை முடிங்க, எவ்ளோ மௌனம் விட்டீங்களோ அதையும் எழுதி வைங்க, பின்னாடி கழிக்கணும்.

அந்த 70 டெசிபல்

என்னைக் கவுத்தது இதுதான். ஆம்ஸ்டர்டாம்ல பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதின பிராட் மென்பொருள் அருமையானது, இன்னிக்கும் தினம் அதுலதான் வேலை. அதுல ஸ்கேல் இன்டென்சிட்டின்னு ஒரு கட்டளை, டீஃபால்ட்டா 70 டெசிபல். ஃபைல்ல இருக்கற எண்ணை பாஸ்கல்னு எடுத்துக்கிட்டு, 20 மைக்ரோபாஸ்கலோட ஒப்பிட்டு அது போடற கணக்கு அது. உங்க சவுண்ட் கார்டு என்ன, வால்யூம் எங்க இருக்கு, ஹெட்ஃபோன் என்னன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ரெண்டாவது, அது முழு ஃபைலோட சராசரியை எடுக்குது, மௌனத்தையும் சேர்த்து. என்னோட பல்லி ஃபைல் ஒட்ட வெட்டினது, 480 மில்லிசெகண்ட். பள்ளி ஃபைல்லயும் பேச்சு 480தான், ஆனா வால்ல 390 மில்லிசெகண்ட் மௌனம் வெட்டாம கிடந்துச்சு. மௌனம் சராசரியை இழுத்து விட்டதால அதை 70க்கு கொண்டுவர பேச்சை ஏத்தியிருக்கு, கணக்குப் போட்டுப் பாத்தா அச்சு அசலா அந்த 2.6 டெசிபல். அதனால ஆர்எம்எஸ் எடுக்கும்போது பேச்சு இருக்கற பகுதியை மட்டும் எடுங்க, மௌனத்தை கடைசியா சேருங்க.

நான் இப்ப ஆர்எம்எஸ்ஸை 0.1ல வெக்கறேன், ஃபைல் தாங்கற முழு அளவுக்கு மைனஸ் 20 டெசிபல். பேச்சுல உச்சங்கள் சராசரிக்கு மேல 12, 15 டெசிபல் எழும்பும், அதுக்கு இடம் வேணும்.

கம்ப்யூட்டருக்குள்ள நடக்கறது

விண்டோஸ்ல சவுண்ட் செட்டிங்குக்குள்ள போய் எல்லா என்ஹான்ஸ்மெண்டையும் அணைங்க, முக்கியமா லவுட்னஸ் ஈக்வலைசேஷன், அது ஆன்ல இருந்தா நீங்க சமப்படுத்தினதை எல்லாம் அது இஷ்டத்துக்கு மாத்தும். நோட்டிஃபிகேஷன் சத்தம், வைஃபை ரெண்டும் ஆஃப். ஃபைல் 48000னா கார்டும் 48000ல இருக்கணும். ஒண்ணு 44100, இன்னொண்ணு 48000னு இருந்தா விண்டோஸ் சத்தமில்லாம மாத்திக்கும், சில ப்ரோகிராம்ல மாத்தாம அப்படியே ஓடி சுருதியும் வேகமும் மாறிடும். சோதனையை ஓட்டற சைக்கோபை ப்ரோகிராம்ல ஆடியோ லைப்ரரி பிடிபின்னு இருக்கட்டும், விண்டோஸோட ஒலி வழியான வாசாபியை எக்ஸ்க்ளூசிவ் மோட்ல ஓட்டுங்க. வால்யூம் ஸ்லைடர் 100ல, சவுண்ட் கார்டு குமிழை ஒரு இடத்துல வெச்சு மேல டேப் ஒட்டி மார்க்கர்ல கோடு போடுங்க. "யாரும் தொடாதீங்க"ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி ஒட்டுங்க, லேபை ராத்திரி யார் யாரோ யூஸ் பண்றாங்க.

அளக்கறது

வேணுங்கறது இவ்ளோதான். கிளாஸ் 1 சவுண்ட் லெவல் மீட்டர், அதோட காலிப்ரேட்டர், 2 சிசி கப்ளர், மைக் சைஸுக்கு ஏத்த அடாப்டர், கொஞ்சம் களிமண் மாதிரி ஒட்டற ப்ளூடாக். ஃபோன் ஆப் வெச்சு அளக்காதீங்க, அது அறையோட சத்தத்தை ஏதோ தோராயமா சொல்லும், மூடின காதுக்குள்ள இருக்கறதை சொல்லாது. அளவு மைக்கை டிரை பாக்ஸ்ல வைங்க, கேமரா லென்ஸ் வைக்கறவங்க வீட்டுல இருக்குமே அதே பெட்டி, இந்த ஊர் ஈரத்துல மைக்கை மேஜை மேல போட்டு வெச்சா இரைச்சல் ஏறும்.

முதல்ல காலிப்ரேட்டரை மைக் மேல மாட்டி ஆன் பண்ணுங்க. 1000 ஹெர்ட்ஸ்ல 94 டெசிபல் காட்டணும், அது 1 பாஸ்கல். 93.7 காட்டுதுன்னா மீட்டர்ல அதைச் சரி பண்ணி எழுதி வைங்க. ஒரே வாரத்துல அரை டெசிபலுக்கு மேல மாறியிருந்தா மைக்ல ஏதோ பிரச்சனை, மேல போகாதீங்க.

அப்புறம் இயர்ஃபோன் குழாயோட முனையை கப்ளர்ல பொருத்தி, சுத்தி காத்து போகாம ப்ளூடாக்கால அடைங்க. சின்ன இடுக்கு இருந்தாகூட தாழ்ந்த அதிர்வெண் எல்லாம் அது வழியா ஓடிடும். அடைப்பு சரியான்னு பாக்க எனக்கு ஒரு வழி இருக்கு, 250 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு விரலால ப்ளூடாக்கை மெதுவா அழுத்துவேன், மீட்டர் எண் ஏறுச்சுன்னா இன்னும் எங்கயோ ஓட்டை இருக்கு, அழுத்தினாலும் எண் அசையாம நிக்கற வரைக்கும் அடைச்சுட்டே இருக்கணும்.

இப்ப எதை ஓட விட்டு அளக்கறது? பல்லின்னு அரை செகண்ட் ஓடற வார்த்தையை மீட்டர் முள் துரத்தவே முடியாது. உங்க வார்த்தைகளோட சராசரி ஸ்பெக்ட்ரம் இருக்கற மாதிரி ஒரு இரைச்சலை 30 செகண்டுக்கு தயார் பண்ணி, அதோட ஆர்எம்எஸ்ஸையும் அதே 0.1ல வெச்சு, அதை ஓட விட்டு 30 செகண்ட் சராசரி எடுங்க. நீங்க 70 வேணும்னு நினைக்கறீங்க, மீட்டர் 73.2 காட்டுதுன்னு வைங்க, 3.2 குறைக்கணும், அதுக்கு எல்லா ஃபைலையும் 0.692 ஆல பெருக்கணும். பெருக்கிட்டு திரும்ப அளங்க, 70.0 வரணும். அதோட நிக்காம வார்த்தைகளையும் ஒவ்வொண்ணா கப்ளர் வழியா ரெக்கார்ட் பண்ணி, கம்ப்யூட்டர்ல பேச்சுப் பகுதியோட லெவலைப் பாருங்க, என்னோட பழைய தப்பு அந்த இடத்துலதான் மாட்டியிருக்கும். கடைசியா அந்த இரைச்சலோடயே 1000 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணும் செஞ்சு அதோட எண்ணையும் குறிச்சுக்குங்க, தினசரி செக்குக்கு அதுதான் கைக்கு ஈஸி.

மீட்டர்ல ஏ வெயிட்டிங்கா, இசட்டான்னு கேப்பாங்க. ஏங்கறது காது கேக்கற மாதிரி தாழ்ந்த அதிர்வெண்ணைக் குறைச்சு எடுக்கும், இசட் எதையும் குறைக்காம அப்படியே எடுக்கும். எதை எடுத்தாலும் எழுதும்போது சொல்லிடுங்க, நான் இசட்ல எடுக்கறேன். ஏ வெயிட்டிங் 100 ஹெர்ட்ஸ்ல 19 டெசிபல் குறைச்சுக் காட்டும், ஆம்பளைக் குரலோட அடிச் சுருதி அங்கதான் இருக்கு, ஒரு ஆம்பளைக் குரலையும் பொம்பளைக் குரலையும் ஏ வெச்சு சமப்படுத்தறதும் இசட் வெச்சு சமப்படுத்தறதும் ஒண்ணு இல்ல.

இடது வலது ரெண்டையும் அளங்க, வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள்ள இருக்கணும். அப்புறம் ஃபைலை 10 டெசிபல் குறைச்சு ஓட்டுங்க, மீட்டரும் 10 குறையணும். ஏழுதான் குறைஞ்சுதுன்னா எங்கயோ இன்னும் ஆட்டோமேட்டிக்கா ஏத்தற வேலை ஒண்ணு ஓடிட்டிருக்கு. மௌன ஃபைலையும் ஓட விட்டு எவ்ளோ இரைச்சல் இருக்குன்னு பாருங்க. இரைச்சல் உங்க ஒலிக்கு 10 டெசிபல் மட்டும் கீழ இருந்தாகூட எண்ணுல 0.4 கலந்துடும்.

ஒண்ணு மட்டும் நினைவுல வைங்க, கப்ளரோட 2 சிசி மூடின காதுல மிச்சமிருக்கற இடத்தை விடப் பெருசு. நிஜக் காதுல சத்தம் அதை விடக் கூடவே இருக்கும், சின்னப் பிள்ளைங்க காதுல இன்னும் அதிகம். பிள்ளைங்களுக்கு பண்றீங்கன்னா 70ன்னு வெச்சதை 65ன்னு குறைச்சுக்கறதுல தப்பே இல்ல. சிங்கப்பூர் வேலையிட விதியில 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் (ஏ வெயிட்டிங்ல)னு எல்லை இருக்கு, நம்ம அளவு அதுக்கு ரொம்பக் கீழதான், ஆனா ஒரு ப்ரோகிராம் தப்பா ஓடி முழு வால்யூம்ல அடிச்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. முழு அளவு டோனை கப்ளர்ல ஓட்டி அதிகபட்சம் எவ்ளோ வருதுன்னும் அளந்து வைங்க. யார் காதுலயும் வைக்கறதுக்கு முன்னாடி உங்க காதுல வெச்சுக் கேளுங்க.

நேரம்

ட்ரிக்கர் (ஒலி எப்ப வந்துச்சுன்னு ஈஈஜி ரெக்கார்டிங்ல குறி போடற சிக்னல்) போன நொடியும் சத்தம் வந்த நொடியும் ஒண்ணுன்னு நம்பாதீங்க. ப்ரோகிராம் "ப்ளே"ன்னு சொன்னதுக்கும் காதுல விழறதுக்கும் நடுவுல தாமதம் இருக்கு. தாமதம் எப்பவும் ஒரே அளவா இருந்தா கழிச்சுக்கலாம். ஒரு பழைய மெஷின்ல நான் அளந்தப்ப ஒருதடவை 38 மில்லிசெகண்ட், அடுத்தது 52, அதுக்கடுத்தது 41ன்னு வந்துச்சு, அப்படி ஆடினா ஆவரேஜ் எடுக்கும்போது அலை பூசி மெழுகின மாதிரி தட்டையாகிடும். எம்எம்என்னாவது கொஞ்சம் தாங்கும், மூளைத்தண்டு எதிர்வினை மாதிரி மொத்தமே 10 மில்லிசெகண்டுக்குள்ள முடியறதுக்கு ஒரு மில்லிசெகண்ட் ஆட்டமே ஜாஸ்தி.

அளக்கறதுக்கு ஒரு ஒய் கேபிள், ஒரு பிஎன்சி அடாப்டர், ரெண்டு சானல் ஆசிலோஸ்கோப் போதும். கேபிள் சாமான் எல்லாம் ஜாலான் பசார் பக்கம் சிம் லிம் டவர்ல கிடைக்கும், எந்த ப்ளக்குக்கு எந்த ப்ளக்னு ஃபோட்டோ எடுத்துட்டுப் போங்க. ஒரு சானல்ல ட்ரிக்கர் பின், இன்னொண்ணுல ஹெட்ஃபோன் அவுட். வார்த்தையை ஓட்டாம, ரேம்ப் இல்லாம சட்டுன்னு ஆரம்பிக்கற ஒரு டோன் ஓட்டுங்க, தொடக்கம் கண்ணுக்குத் தெளிவா தெரியும். 200 தடவையாவது ஓட்டி சராசரியும் ஆட்டமும் பாருங்க. ஆட்டம் ஒரு மில்லிசெகண்டுக்குள்ள வரலைன்னா டிரைவரை மாத்துங்க, அப்பவும் வரலைன்னா சவுண்ட் கார்டோட இன்னொரு சானல்லயே பல்ஸை ஒலியோட சேர்த்து அனுப்பி, அதுக்குன்னே விக்கற பெட்டி வழியா ட்ரிக்கரா மாத்துங்க, அப்ப ரெண்டும் ஒரே கடிகாரத்துல ஓடும். ஹெட்ஃபோன் அவுட்டை நேரா ஈஈஜி ஆம்ப்ளிஃபையர்ல சொருகாதீங்க, ஆள் மாட்டியிருக்கும்போது இந்த டெஸ்ட் எதையும் பண்ணவே பண்ணாதீங்க.

குழாயையும் சேர்த்துக்குங்க. 30 சென்டிமீட்டர் குழாய்ல ஒலி போக 0.9 மில்லிசெகண்ட் ஆகும். ஈஆர்-3 மாதிரி குழாய் இயர்ஃபோன் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல நல்லாவே குறைச்சுடும்ங்கறதும் தெரிஞ்சிருக்கணும், ல ள ழ வித்தியாசம் அதுக்குக் கீழ இருக்கறதால நமக்குப் பிரச்சனை இல்ல, ஸகர ஷகர சோதனைன்னா வேற இயர்ஃபோன் பாருங்க.

சத்தம் போடற பெட்டி எலக்ட்ரோட் ஒயர் பக்கத்துல இருந்தா அதோட மின்காந்தம் ஈஈஜில நேராவே ஏறும். ஒருதடவை குழாயை கிளிப்பால இறுக்கி அடைச்சு, சத்தம் காதுக்கே போகாம எடுத்துப் பாருங்க. அப்பவும் அலை வருதுன்னா அது மூளை இல்ல, ஒயர். பெட்டியைத் தள்ளி வைங்க, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஒயரையும் தள்ளி விடுங்க.

ஆள் வந்த அன்னிக்கு

காலையில முதல் வேலை அந்த 1000 ஹெர்ட்ஸ் டோனை கப்ளர்ல அளக்கறது. பழைய எண்ணோட அரை டெசிபலுக்குள்ள இருந்தா சரி.

பல்லி அதிகம் பள்ளி அபூர்வம்னு ஒரு பிளாக், பள்ளி அதிகம் பல்லி அபூர்வம்னு இன்னொரு பிளாக், ரெண்டும் கட்டாயம் வேணும். அபூர்வமா வந்த பள்ளியை, அடிக்கடி வந்த அதே பள்ளியோட ஒப்பிட்டா, ஒலியில மிச்சம் மீதி வித்தியாசம் இருந்தாலும் அது கழிஞ்சு போகும். ஆனா இதை நம்பி லெவலைச் சமப்படுத்தாம விடக்கூடாது, சத்தம் மாறினதுக்கு வர்ற எம்எம்என் இதுல கழியாது.

போன மாசம் ஒரு பாட்டி வந்தாங்க, டெக்கா மார்க்கெட்ல காய் வாங்கிட்டு அப்படியே பேத்தியோட. பாட்டி, காதுல பஞ்சு மாதிரி ஒண்ணு வெக்கறேன், வலிச்சா சொல்லுங்கன்னேன். "வலிக்கு பயமில்ல தம்பி, எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம், நீ அதைப் பாத்துக்க"ன்னாங்க. அதைத்தான் முதல்ல பாக்கணும். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ்ல கேக்குதான்னு சின்ன டெஸ்ட் எடுத்தோம், இடது காதுல 4000 நிஜமாவே தாழ்ந்திருந்துச்சு. சத்தத்தைக் கூட்டறது சரியில்ல, கூட்டினா மத்தவங்களோட ஒப்பிட முடியாது, அதனால குறிப்புல எழுதி, வயசானவங்க குழுவுக்கு செவித்திறனை தனியா கணக்குல எடுத்தோம்.

ஃபோமை விரல்ல நல்லா மெல்லிசா உருட்டி, காது மடலை மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ள விட்டு, விரியற வரைக்கும் அரை நிமிஷம் விரலால பிடிச்சிருங்க. பாதி வெளிய நீட்டிட்டிருந்தா அது உள்ள போகலைன்னு அர்த்தம். மாட்டினதும் பெரும்பாலானவங்க பேச்சு தங்களுக்கே உள்ளுக்குள்ள முழங்கற மாதிரி கேக்கும், "உங்க குரல் உங்களுக்கே பெருசா கேக்குதா?"ன்னு கேளுங்க, ரெண்டு காதுலயும் ஆமான்னு சொன்னா அடைப்பு சரி. குழாய் மடங்காம தோள் மேல வருதான்னு பாருங்க. ஃபோம் ஒவ்வொருத்தருக்கும் புதுசு. கழட்டினதும் நடு ஓட்டையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, அழுக்கு அடைச்சிருந்தா அந்தக் காதுக்கு சத்தம் எவ்ளோ போச்சுன்னே தெரியாது, அந்த ரெக்கார்டிங்குக்குப் பக்கத்துல ஒரு குறி.

அவங்களை லிஃப்ட் வரைக்கும் விட்டுட்டு வந்து டோனைத் திரும்ப கப்ளர்ல அளங்க. பாட்டி வந்த அன்னிக்கு காலையில 70.1, சாயங்காலம் 70.0. தேதி, மீட்டர் எண், குமிழ் கோடு, இடது, வலதுன்னு நோட்டுல ஒரே வரியில எழுதிட்டு அப்புறம்தான் மெஷினை ஆஃப் பண்ணோம்.